தொழுகையும் வீடும்: வீட்டார் எதிர்க்கும்போது எழும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு எங்கள் பள்ளிவாசல் மாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசுவோம். சிலர் மார்க்கத்துக்குப் புதிதாக வந்தவர்கள். சிலர் பரம்பரை முஸ்லிம்கள், ஆனால் தொழ ஆரம்பித்தது போன வருடம்தான். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை, ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) சொல்லும் தகுதியும் கிடையாது. கம்பம் பக்கத்து ராவுத்தர் வீட்டில் பிறந்தவன், அத்தா (அப்பா) செங்கொடிக்காரர், கம்யூனிஸ்ட். என் மனைவி இந்துக் குடும்பத்தில் பிறந்து, என்னைப் பார்ப்பதற்கு நாலு வருடம் முன்பே கலிமா சொன்னவர், அதாவது இஸ்லாத்தை ஏற்றவர். ஆக, இரண்டு வகை வீட்டுச் சண்டையையும் கிட்ட இருந்து பார்த்தாயிற்று. மாடியில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். மார்க்கச் சட்டத்தில் சந்தேகம் வந்தால் உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கலிமா சொல்லி ஆறு மாதம் ஆகிறது. வீட்டில் எப்போது சொல்லலாம்?

தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம் நடக்கும் வாரத்தில் வேண்டாம். அப்பாவுக்கு ஆஞ்சியோ முடிந்த மறுநாளும் வேண்டாம். சிரிக்காதீர்கள், இரண்டும் நடந்திருக்கிறது.

சொல்லாமல் இருப்பது நயவஞ்சகம் ஆகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். மக்காவில் ஆரம்ப வருடங்களில் அழைப்பே ரகசியமாகத்தான் நடந்தது. அர்கம் என்ற தோழரின் வீட்டில் கூடினார்கள். எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் குடும்பத்திலேயே ஈமானை (இறைநம்பிக்கையை) மறைத்து வைத்திருந்த ஒருவரைக் குர்ஆன் (40:28) பாராட்டித்தான் பேசுகிறது. ஆகவே உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஆனால் அந்த அவகாசம் உங்கள் கையில் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் உங்களை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் பார்த்துவிட்டு உங்கள் அப்பாவிடம் டீக்கடையில் சொன்னால் கதை வேறு மாதிரி போகும். "மதம் மாறினது கூடப் பரவாயில்ல, ஊருக்கே தெரிஞ்சப்புறம்தானே எனக்குத் தெரிஞ்சுது" என்று ஒரு தகப்பனார் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

வீட்டில் எதையும் நிதானமாகக் கேட்கிற ஆள் யார் என்று பாருங்கள். சித்தியாக இருக்கலாம், தாய்மாமாவாக இருக்கலாம். அவரிடம் முதலில் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லும்போது முதல் கேள்வி "யாருடா அந்தப் பொண்ணு?" அல்லது "எவன்டி அவன்?" என்றுதான் வரும். கோபப்பட வேண்டாம். யாரும் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். யாராவது இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தால் நீங்கள் சொன்ன மற்ற எல்லாமும் பொய்யாகிவிடும். "நான் முஸ்லிமாயிட்டேன்" என்ற வாக்கியத்தைப் பெற்றவர்கள் "இனி நான் உங்க பிள்ளை இல்ல" என்று மொழிபெயர்த்துக்கொள்வார்கள். அதனால் மற்றதைச் சொல்வதற்கு முன்னால் அடுத்த மாதச் சம்பளம் வழக்கம்போல வீட்டுக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நானே மார்க்கெட்டுக்குப் போவேன் என்று சொல்லிவிடுங்கள். யுவன் சங்கர் ராஜா 2014-ல் அறிவித்ததை உதாரணம் காட்டாதீர்கள். "அவன் இளையராஜா புள்ள, எது வேணா பண்ணலாம்" என்று பதில் வரும்.

நான் தொழுவதைப் பார்த்தாலே அம்மா அழுகிறார். என்ன செய்வது?

என் மாமியாரும் அழுதவர்தான். பல வருடம் கழித்து, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அவர் சொன்னது இது: "அவ நெத்தியத் தரையில வச்சு எந்திரிக்கிறப்ப எனக்கு சாமியா தெரிஞ்சுது? பொட்டில்லாத நெத்திதான் தெரிஞ்சுது. வீட்டுல யாரோ செத்த மாதிரி இருந்துச்சு."

மார்க்கம், இறைவன், ஷிர்க் (இணை வைத்தல்) என்று நாம் ஒரு விவாதத்துக்குத் தயாராகிப் போகிறோம். அந்தப் பக்கம் ஒரு தாய் பாழ்நெற்றியைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறாள். வீட்டில் வரும் எதிர்ப்பில் முக்கால்வாசி இந்த மாதிரிப் பயம்தான்: பிள்ளை கைவிட்டுப் போய்விடும், ஊர் என்ன பேசும், கடைசிக் காலத்தில் யார் பார்ப்பார்கள். பயத்துக்கு ஆதாரம் காட்டிப் பதில் சொல்ல முடியாது. நடந்து காட்டத்தான் முடியும், அதற்கு மாதங்கள் ஆகும்.

அதற்குள் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு தாளை எடுத்து, எது பர்ளு (கட்டாயம்), எது சுன்னத்து (நபிவழி), எது நஃபில் (உபரி), எது வெறும் புது ஆர்வம் என்று பிரித்து எழுதுங்கள். ஒரு நாளைக்குப் பர்ளு 17 ரக்அத்து (தொழுகைச் சுற்று)தான். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. மற்றதில் நிறையவே விட்டுக்கொடுக்கலாம். விடியற்காலை மூன்று மணிக்கு வீடே எழும் அளவுக்கு அலாரம் வைத்துத் தஹஜ்ஜுத் (பின்னிரவு உபரித் தொழுகை), ஸ்பீக்கரில் பயான் (மார்க்கப் பேச்சு), ஹாலில் இருக்கும் முருகன் படத்தைக் கழற்றச் சொல்வது, தங்கைக்குப் பாடம் எடுப்பது: சண்டை பெரும்பாலும் இதில்தான் ஆரம்பிக்கிறது. பர்ளைத் தடுக்கிறார்கள் என்று என்னிடம் வந்து சொன்னவர்களை நோண்டிக் கேட்டால் பாதிப் பேர் வீட்டில் பிரச்சினை தொழுகையே இல்லை, தொழுதுவிட்டு வந்து அவர்கள் பேசும் பேச்சு.

ஜுரைஜ் என்ற துறவியின் கதை புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) நூல்கள் இரண்டிலும் இருக்கிறது. அவர் தொழுதுகொண்டிருக்கும்போது தாய் கூப்பிடுகிறார். "இறைவா, தாயா, தொழுகையா" என்று மனதுக்குள் யோசித்துவிட்டுத் தொழுகையைத் தொடர்கிறார். இப்படியே நடந்து, தாய் மனம் நொந்து அவருக்கு எதிராக துஆ (வேண்டுதல்) செய்ய, அது பலித்துவிடுகிறது. உபரித் தொழுகையில் இருக்கும்போது தாய் அழைத்தால் பதில் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்று இமாம்கள் இதை வைத்துத்தான் பேசுகிறார்கள். நஃபிலில் நின்றுகொண்டு அம்மாவின் குரலைக் காதில் வாங்காதவர் கவனிக்க.

தொழுகையை விடாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார்.

நபித்தோழர் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் தாயார் இதையே செய்தார். மகன் மார்க்கத்தை விடும்வரை உண்ணவும் மாட்டேன், பருகவும் மாட்டேன், பேசவும் மாட்டேன் என்று இருந்து மயங்கி விழுந்தார். இன்னொரு மகன் வாயில் தண்ணீர் ஊற்றினார். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இதைச் சொல்லி "ஸஅத் அசைந்தாரா?" என்று மார் தட்டுகிற இளைஞர்கள் உண்டு. அந்தச் சம்பவத்தையொட்டி இறங்கிய வசனத்தையும் அவர்கள் படிக்க வேண்டும். இணை வைக்கச் சொன்னால் கீழ்ப்படியாதே என்ற அதே வசனம் (31:15) "உலக விஷயத்தில் அவர்களோடு நல்ல முறையில் உறவாடு" என்றும் சொல்கிறது. அதற்கு முந்தின வசனம் பலவீனத்துக்கு மேல் பலவீனமாகச் சுமந்த தாயைப் பற்றியது.

சரி, கையில் இருக்கிற வேலைக்கு வருவோம். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கிறாரா? முதலில் டாக்டர். பெரியம்மாவோ அத்தையோ, அவர் பேச்சைக் கேட்கிற ஒருவரை வரச் சொல்லுங்கள். தட்டில் சோறு போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், திட்டினாலும் எழுந்து போகாதீர்கள். "விட்டுட்டேன்மா" என்று பொய் சொல்லி இரவு ஒளிந்து தொழுவது பலர் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி. அது வெளியே தெரியும் நாளில் முதல் நாளைவிட மோசமான சண்டை வரும்.

ஒரே அறை வீடு. சாமிப் படங்கள் இருக்கின்றன. எங்கே தொழுவது?

பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்பது நபிமொழி. மொட்டை மாடி போதும், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருக்கும் சந்து போதும். படங்கள் நேர் எதிரே இல்லாத மாதிரி இடம் பார்த்துக்கொள்ளுங்கள். கிப்லா (தொழும் திசை) நம் ஊர்களிலிருந்து மேற்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. முசல்லா (தொழுகை விரிப்பு) விரித்தால்தான் பிரச்சினை என்றால் சுத்தமான துண்டு போதும். ஒளுவுக்கு (தொழுமுன் கை கால் முகம் கழுவ) ஒரு சொம்புத் தண்ணீர் தாராளம். குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையை நனைத்து வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

வீட்டுக் கெடுபிடியில் இரண்டு வேளைத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழலாமா என்று கேட்பார்கள். ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டும்தான் சேர்ப்பு. ஷாஃபியில் பயணத்துக்கும் மழைக்கும் இடம் உண்டு. அச்சமோ மழையோ இல்லாமல் மதீனாவில் நபி (ஸல்) சேர்த்துத் தொழுததாக இப்னு அப்பாஸ் (ரலி) சொல்லும் ஹதீஸை வைத்து, கடும் நெருக்கடியில் எப்போதாவது செய்யலாம் என்றவர்களும் இருக்கிறார்கள். உங்கள் நெருக்கடி அந்த அளவா என்பதை ஒரு ஆலிமிடம் நேரில் சொல்லிக் கேளுங்கள்.

நோன்பு வைத்தால் உடம்பு கெட்டுவிடும் என்கிறார்கள்.

நம் ஊரில் நோன்பு 13 மணி நேரத்தைத் தாண்டும், தண்ணீரும் கிடையாது. இதைக் கேட்டு எந்தத் தாய்க்கும் பதறத்தான் செய்யும், கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிற தாயாக இருந்தாலும். நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே (2:184, 185) விலக்கு தருகிறது என்பதைச் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் ரமளானுக்கு முன்பே டாக்டரிடம் போய், அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அப்படி நீங்கள் ஒருமுறை விட்டதைப் பார்த்தால், பிள்ளைக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று வீட்டுக்குப் புரியும்.

என் மனைவி முதல் ரமளானில் ஸஹருக்கு (விடியுமுன் உண்பதற்கு) பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும்தான், அதுவும் போர்வைக்குள். மூன்றாவது ரமளானில் மாமியாரே நாலு மணிக்கு எழுந்து தோசை வார்த்திருக்கிறார். "பட்டினி கிடக்கிறது உன் இஷ்டம். வெறும் வயித்தோட கிடக்கிறது என் வீட்டுல நடக்காது" என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்தாராம். அன்று சாயங்காலம் பக்கத்துப் பள்ளிவாசலில் இருந்து ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்து கொடுத்திருக்கிறார் மனைவி. அந்தப் பள்ளிவாசல் மாமியாருக்குப் புதிது இல்லை. மகளுக்கு ஒரு வயதில் காய்ச்சல் வந்தபோது, மஃரிப் (அந்தித் தொழுகை) முடிந்து வருகிறவர்களிடம் ஓதி ஊதிக்கொள்ள அதே பள்ளிவாசல் வாசலில் தூக்கிக்கொண்டு நின்றவர் அவர். தமிழ்நாட்டில் எத்தனையோ இந்துத் தாய்மார்கள் இன்றும் அப்படி நிற்கிறார்கள். உங்கள் அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள், ஒரு கதை இருக்கும்.

பொங்கல், தீபாவளி, பிரசாதம், திருநீறு: எங்கே கோடு போடுவது?

வழிபாட்டில் கலந்துகொள்ள முடியாது, படைத்ததைச் சாப்பிட முடியாது. பெரும்பாலான ஆலிம்கள் போடும் கோடு இது. ஊருக்குப் போவது, அப்பா அம்மாவுக்குத் துணி எடுத்துக் கொடுப்பது, தங்கை மகனை வெடிக் கடைக்குக் கூட்டிப்போவது எல்லாம் உறவைப் பேணுவதில் வரும். நபித்தோழி அஸ்மா (ரலி) அவர்களின் தாயார் இஸ்லாத்தை ஏற்காதவர்; குறைஷிகளோடு உடன்படிக்கை இருந்த காலத்தில் மகளைப் பார்க்க வந்தார். சேர்த்துக்கொள்ளலாமா என்று அஸ்மா கேட்டதற்கு, "ஆம், உன் தாயோடு உறவைப் பேணு" என்றார்கள் நபி (ஸல்).

சாப்பாட்டில் சிக்கல் கறிக் குழம்பில்தான். "நான் ஆக்குன குழம்பு உனக்கு ஆகாதா?" என்ற கேள்விக்கு மசாலா காரணம் இல்லை, அறுப்புதான் காரணம் என்று விளக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே பையை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போய்க் கறி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பல ஊர்களில் உங்கள் அப்பா வாங்குவதே அங்கேதான்.

திருநீறு பூச வந்த கையைத் தட்டிவிட்ட மகன் ஒருவனை எனக்குத் தெரியும். இன்றுவரை அந்த வீட்டில் அது ஆறவில்லை. அதே கையைப் பிடித்து இறக்கி, உள்ளங்கையில் முத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிய மகளையும் தெரியும். முதல் நாள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாளிலிருந்து வெறுங்கையோடு வந்து நின்றிருக்கிறார்.

பெயரை மாற்றியே ஆக வேண்டுமா? சொத்து, சர்டிபிகேட் என்ன ஆகும்?

அர்த்தத்தில் தவறு இல்லாத பெயரை மாற்ற மார்க்கத்தில் கட்டாயம் இல்லை. அப்பா வைத்த பெயரை அவசரமாக அழிப்பது அவருக்குத் தரும் வலி பெரிது. கெஸட்டில் போடுவதை இரண்டு மூன்று வருடம் தள்ளிப் போட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

சொத்து விஷயத்தில் வீட்டார் மிரட்டினால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மதம் மாறியதால் மட்டும் வாரிசுரிமை போய்விடாது.  ஆனால் மாறிய பிறகு பிறக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு, அவர்களும் இந்துவாக இல்லாதபோது, இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை இல்லை என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. இஸ்லாமியச் சட்டத்திலோ முஸ்லிமும் முஸ்லிமல்லாதவரும் ஒருவருக்கொருவர் வாரிசாவதில்லை. தகப்பனார் உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுப்பது வேறு விஷயம். பட்டியல் சாதியினருக்கு இஸ்லாத்துக்கு மாறினால் அந்தத் தகுதி போய்விடும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். படிப்பும் வேலையும் அதில் தொங்கும்போது வீட்டார் கோபப்படுவது நியாயமில்லாத கோபம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நாங்கள் பரம்பரை முஸ்லிம். அத்தாவே என் தொழுகையைக் கேலி செய்கிறார்.

இதற்குப் பதில் சொல்ல என் கதையைத்தான் சொல்ல வேண்டும். எனக்கு 19 வயது. மதுரையில் காலேஜ், ஹாஸ்டல் நண்பர்களால் தொழுகை, முகத்தில் நாலு மயிர் தாடி. லீவுக்கு ஊருக்குப் போனால் அத்தா திண்ணையில் கட்சிப் பத்திரிகை தீக்கதிர் படித்துக்கொண்டிருப்பார். இரண்டு பெருநாளைக்குத் தவிரப் பள்ளிவாசலுக்குப் போகாதவர். "அஞ்சு வேளை போறவரு, ஆறாவது வேளையா ரேஷன் கடைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம்" என்பார், தெருவில் போகிறவர் காதில் விழும்படி.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. தொழாதவனுக்கு நரகத்தில் எந்த இடம் என்று அத்தாவுக்கே வகுப்பெடுத்தேன், அம்மா முன்னால், சோற்றுத் தட்டுக்கு முன்னால். அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்து போனார். ஒரு வருடம் பேசவில்லை.

ஒரு ரமளானில் குர்ஆனின் மர்யம் சூராவை (அத்தியாயத்தை) அர்த்தத்தோடு படித்தபோதுதான் உறைத்தது. இப்ராஹீம் (அலை) சிலை வணங்கும் தகப்பனிடம் பேசும் இடம், 42 முதல் 45 வரை. நாலு வசனம், நாலிலும் "என் அருமைத் தந்தையே" என்று ஆரம்பம். தகப்பன் கல்லால் அடிப்பேன், போய்விடு என்கிறார். மகனின் பதில், "உங்கள் மீது ஸலாம் உண்டாகட்டும், உங்களுக்காக என் இறைவனிடம் மன்னிப்புக் கேட்பேன்." என் அத்தா சிலை வணங்கியவர் இல்லை, கல்லை எடுத்தவரும் இல்லை. ரேஷன் கடைக்குப் போகச் சொன்னார், அவ்வளவுதான்.

ரேஷன் கடைக்குப் போக ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அது பிறகுதான். மதுரையில் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது வார்டில் நான்தான் கூட இருந்தேன். ஒரு கண்ணில் கட்டு. வெளியே பாங்குச் சத்தம். "டேய், பாங்கு சொல்லியாச்சு. போகலையா? நான் இருந்துக்குறேன்" என்றார். அவர் இப்போதும் தொழுவதில்லை. பெருநாள் தொழுகைக்கு மட்டும் என் பைக்கில் வருகிறார்.

மௌலிது (புகழ்ப்பாடல் ஓதுவது), ஃபாத்திஹா (இறந்தவர்களுக்காக ஓதுவது), தர்கா எல்லாவற்றையும் நான் விட்டுவிட்டேன். வீட்டில் "வஹாபி" (பழைய வழக்கங்களை ஏற்காதவன்) என்கிறார்கள்.

1980-களுக்குப் பிறகு தமிழ் முஸ்லிம் வீடுகளில் இந்தச் சண்டை இல்லாத தெரு குறைவு. தொப்பி போடுவதா இல்லையா, கையை நெஞ்சில் கட்டுவதா தொப்புளுக்குக் கீழேயா, அத்தஹிய்யாத்தில் (தொழுகையில் உட்கார்ந்து ஓதும்போது) விரலை அசைப்பதா. விரலுக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும்.

உங்கள் நிலைப்பாடு சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் நன்னி (பாட்டி) நாற்பது வருடமாக வருஷத்துக்கு ஒருமுறை நாகூர் தர்காவுக்குப் போகிறவர் என்றால், அவருக்கு அது செத்துப்போன கணவரோடு போன ஊர், பிள்ளைகளுக்கு முடி இறக்கிய ஊர். "அது ஷிர்க், நீ நரகவாசி" என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னால் அவர் காதில் விழுவது வேறு. நீங்கள் போகாமல் இருக்கலாம். அவரை பஸ் ஏற்றிவிட ஸ்டாண்டு வரைக்கும் போகலாமா என்றால், நான் போவேன். உங்கள் மனசாட்சி ஒப்பவில்லையென்றால் திரும்பி வரும்போது பையைத் தூக்கவாவது போங்கள்.

ஹிஜாப் போட ஆரம்பித்ததும் அத்தா "இது அரேபியா உடுப்பு, உனக்கு வேலை கிடைக்காது" என்கிறார்.

முதல் பாதியில் ஒரு உண்மை இருக்கிறது. அவருடைய அம்மா வெள்ளைத் துப்பட்டியோ சேலை முக்காடோ போட்டிருப்பார். கறுப்பு புர்கா நம் ஊர்களுக்குப் பின்னால் வந்ததுதான். மறைக்க வேண்டும் என்பது மார்க்கம், கறுப்பாக இருக்க வேண்டும் என்பது இல்லை. தளர்ந்த சுடிதாரும் பெரிய ஷாலும் போட்டுக்கொண்டு நன்னியின் படத்தைக் காட்டி "இவங்க மாதிரிதான் அத்தா" என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டாம் பாதி வெறும் கற்பனை இல்லை. கர்நாடகத்தில் 2022-ல் வகுப்பறையில் ஹிஜாபுக்கு வந்த தடையை அம்மாநில உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு கொடுத்தார்கள். டிவியில் பார்த்த தகப்பனுக்குக் கவலை வரும். "அல்லாஹ் பார்த்துப்பான்" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் படிப்பு, எங்கே வேலை, பேசி வைத்திருக்கிறேன் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

வரதட்சணை வாங்க மாட்டேன் என்றதும் அம்மா சண்டைக்கு வருகிறார்.

இந்தக் கேள்வியோடு வருகிறவரை மாடியில் எழுந்து நின்று வரவேற்க வேண்டும். பெண்ணுக்கு மஹரை (மணக்கொடையை) மனமுவந்து கொடு என்று குர்ஆன் (4:4) ஆணுக்குச் சொல்கிறது. நாம் மஹரைப் பத்திரத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டு, பெண் வீட்டிலிருந்து பவுன் கணக்குப் பேசுகிறோம். 1961-ஆம் வருட வரதட்சணைத் தடைச் சட்டமே மஹரை வரதட்சணையில் சேர்க்காமல் விலக்கி வைத்திருக்கிறது.

அம்மாவின் வாதம் மார்க்கம் இல்லை, கணக்கு: "உன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் நாங்க கொடுத்தோமே, கடன் யார் அடைக்கிறது?" அதற்கு ஹதீஸ் பதில் ஆகாது. அந்தக் கடனில் இவ்வளவு நான் அடைக்கிறேன், மாதம் இவ்வளவு என்று தாளில் எழுதிக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டிய பையன்கள் ஜெயித்திருக்கிறார்கள். "நான் வாங்கலம்மா, ஆனா அவங்களா ஆசையா கொடுத்தா..." என்று இழுத்தவர்கள் கடைசியில் கார் வாங்கினார்கள்.

தப்லீக் ஜமாஅத்தில் 40 நாள் மார்க்கப் பிரசாரத்துக்குப் போகிறேன் என்றேன். மனைவி எதிர்க்கிறாள்; ஏழு மாத கர்ப்பம்.

போகாதீர்கள். நபித்தோழர் அபூதர்தா (ரலி) வீட்டில் அவர் மனைவியின் வாடிய கோலத்தைப் பார்த்த இன்னொரு தோழர் ஸல்மான் (ரலி), அபூதர்தாவிடம் "உன் இறைவனுக்கு உன் மேல் உரிமை உண்டு, உன் உடலுக்கு உண்டு, உன் குடும்பத்துக்கும் உண்டு" என்றார். ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள் நபி (ஸல்). குழந்தை பிறந்து, அவள் மனசார அனுப்பும்போது மூன்று நாளில் ஆரம்பியுங்கள்.

அடிக்கிறார்கள், அறையில் பூட்டி வைக்கிறார்கள். இதற்கும் பொறுமையா?

இல்லை. இதுவரை சொன்ன விட்டுக்கொடுப்பு எதுவும் இங்கே பொருந்தாது. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, பதினெட்டு நிறையாதவர்களுக்கு 1098. முஸ்லிம் வீடாக இருந்து தொழவில்லை என்று அடித்தாலும் இதே எண்கள்தான்.

வயது வந்தவர் தன் மதத்தைத் தானே முடிவு செய்யலாம். அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு. கேரளத்தில் இஸ்லாத்துக்கு மாறிய ஹாதியாவின் வழக்கில், பெற்றோர் வீட்டில் இருந்தவரை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்துச் சேலத்தில் படிப்பைத் தொடர அனுப்பியது. 2018 மார்ச்சில் அவருடைய திருமணமும் செல்லும் என்றது. ஆனால் ஊர் ஆட்கள் திரண்டு வந்து உங்களைக் "காப்பாற்றி"க் கூட்டிப்போக விடாதீர்கள். அன்றைக்கே அது உங்கள் வீட்டு விஷயமாக இல்லாமல் கட்சி விஷயம் ஆகிவிடும். வக்கீல், போலீஸ், நம்பிக்கையான தோழி வீடு என்று போங்கள். பதினெட்டு ஆகாதவர்கள் வீட்டை விட்டு ஓடிவருவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். மனதுக்குள் இருக்கும் ஈமானை யாரும் எடுக்க முடியாது, படிப்பை முடியுங்கள்.

நான் ஒரே மகன். அப்பா இறந்தால் கொள்ளி வைக்கலாமா?

மாடியில் இதைக் கேட்கும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பல அப்பாக்கள் வாய்விட்டுச் சொல்லாத எதிர்ப்பு இதுதான்: "எனக்குக் கொள்ளி போட ஆள் இல்லாமப் பண்ணிட்டான்."

மதச் சடங்காகச் செய்வதை நான் கேட்ட ஆலிம்கள் யாரும் அனுமதிக்கவில்லை. ஆனால் ஒதுங்கி நிற்கச் சொல்லவும் இல்லை. அபூதாலிப் இறந்தபோது, அவர் இஸ்லாத்தை ஏற்காத நிலையிலும், "போய் உன் தந்தையை அடக்கம் செய்" என்று அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) சொன்னதாக அபூதாவூத் ஹதீஸ் நூலில் வருகிறது. ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், ஐஸ் பெட்டி, பந்தல், சொந்தக்காரர்களுக்குப் போன், சுடுகாடு வரை கூட நடப்பது, செலவு மொத்தமும், அப்புறம் அம்மாவைத் தனியாக விடாமல் இருப்பது என்று மகன் செய்ய நிறைய இருக்கிறது.

இதை அவர் உயிரோடு இருக்கும்போதே பேசுங்கள். என் மாமனாருக்கும் ஆண் பிள்ளை இல்லை. படுக்கையில் விழுவதற்கு முன்பே, தன் தம்பி மகனைக் கூப்பிட்டு அவரே சொல்லி வைத்துவிட்டார். கொள்ளிச் சட்டியை அவன் தூக்கினான். பாடையின் முன்பக்கம் ஒரு தோள் என்னுடையது. மின்மயானத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அலுவலர் என் பெயரைப் படித்துவிட்டு, "உறவு?" என்று கேட்டார். எனக்கு முன்னால் அந்தத் தம்பி மகன் சொன்னான், "மாப்பிள்ளை."